8 ÷ 2(2+2) = 16-ஆ, 1-ஆ? வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை மூட்டும் ஒரு சின்னக் குறியின் கதை

'ஜீனியஸ்களுக்கு மட்டும்!' என்ற சவாலோடு ஒரு கணக்கு எப்போதாவது உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்: 8 ÷ 2(2+2).

பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பெரியப்பா '1' என்று போடுவார். இன்ஜினீயரிங் படிக்கும் அவர் மகள் '16' என்பாள். ரிட்டயர்டு வாத்தியாரான தாத்தா மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். ஒருவர் கால்குலேட்டர் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு 'முடிந்தது வழக்கு' என்பார். அடுத்த நிமிடமே இன்னொருவர் வேறு கால்குலேட்டரைப் படம் பிடித்துப் போடுவார். அதில் விடை வேறு!

இது நம் வீட்டுச் சண்டை மட்டுமல்ல. 2019 ஜூலை கடைசியில் இதே கணக்கு ட்விட்டரில் பரவி உலகம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். பள்ளியில் சொல்லித்தரும் விதிப்படி 16 என்றுதான் அவர் விடை சொன்னார். கூடவே, தொழில்முறைக் கணித அறிஞர் எவரும் ஒரு கணக்கை இவ்வளவு குழப்பமாக எழுத மாட்டார்கள் என்றும் குட்டினார். அதற்கு முன்பு, 2011-ல் சுற்றிய கணக்கு 48 ÷ 2(9+3). அங்கே 288 என்று ஒரு கட்சி, 2 என்று ஒரு கட்சி.

இத்தனை பேர் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் கூட்டல், பெருக்கல், வகுத்தலைச் சரியாகத்தான் செய்கிறார்கள். அவர்கள் பிரிவது ஒரே ஓர் இடத்தில். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, நடுவே ஒரு கோடு... அந்த ÷ குறி எதுவரைக்கும் வகுக்கச் சொல்கிறது என்பதில்தான்!

சின்ன மாமா வீடு

முதலில் இரண்டு விடைகளும் எப்படி வருகின்றன என்று பார்த்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2+2 என்பது 4. அதில் யாருக்கும் தகராறு இல்லை. இப்போது கையில் இருப்பது 8 ÷ 2 × 4. இடமிருந்து வலமாகப் போனால் 8 ÷ 2 என்பது 4, அதை 4-ஆல் பெருக்கினால் 16. ஆனால் '2(4) என்று ஒட்டி எழுதியிருக்கிறதே, அது ஒரே பொருள்தானே' என்று எடுத்துக்கொண்டால் அது 8. எட்டை எட்டால் வகுத்தால் 1.

'சின்ன மாமா வீடு' என்று சொல்லிப் பாருங்கள். சின்னது மாமாவா, வீடா? அம்மாவின் கடைசித் தம்பியின் வீடு என்றும் புரிந்துகொள்ளலாம். மாமாவின் வீடு சிறியது என்றும் புரிந்துகொள்ளலாம். இரண்டும் சரியான தமிழ்தான். சொன்னவர் மனதில் எது இருந்தது என்பதைச் சொற்கள் காட்டவில்லை, அவ்வளவே. இதற்கு எந்த இலக்கணப் புலவரைக் கூப்பிட்டாலும் தீர்ப்பு சொல்ல முடியாது. 8 ÷ 2(2+2) அப்படிப்பட்ட வாக்கியம்தான்.

'அதற்குத்தானே போட்மாஸ் விதி இருக்கிறது?' என்று கேட்பீர்கள். குழப்பத்தின் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. போட்மாஸ் என்ற அந்த ஐந்தாறு எழுத்தில் வகுத்தலுக்கான எழுத்து முன்னால் வருகிறது, பெருக்கலுக்கானது பின்னால் வருகிறது. அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் 'பெம்டாஸ்' என்ற சொல்லில் இது தலைகீழ். பெருக்கல் முன்னால், வகுத்தல் பின்னால். இதை வைத்து இரண்டு நாட்டிலும் வேறு வேறு கணிதம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. உண்மையில் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் சம அந்தஸ்து. எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். கூட்டலும் கழித்தலும் அப்படித்தான். 10 − 3 + 2 என்றால் 9. 'கூட்டல்தான் முதலில்' என்று 3-ஐயும் 2-ஐயும் கூட்டி, 10-லிருந்து கழித்து 5 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. அவர்களைத் திட்டிப் பயனில்லை. மனப்பாடச் சொல் அப்படித்தானே வரிசை காட்டுகிறது!

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. போட்மாஸின் இரண்டாவது எழுத்துக்கு 'ஆஃப்' என்று விளக்கம் சொல்லித்தரும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது, இருக்கிறது. 'பாதி ஆஃப் ஆறு' என்பது போன்ற பெருக்கலை வகுத்தலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது அந்த விதி. அப்படிப் படித்தவர் கண்ணுக்கு, பெருக்கல் குறி போடாமல் ஒட்டி நிற்கும் 2(2+2) அந்த 'ஆஃப்' மாதிரியே தெரியும். ஆகவே 1 என்று சொல்லும் பெரியப்பாவைக் கேலி செய்ய வேண்டாம்.

இயற்பியல் ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட அவர் கட்சிதான். 'க' என்பது ஏதோ ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். 1/2க என்று எழுதினால், 'ஒன்றை, இரண்டு க-வால் வகுக்க' என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் படிப்பார்கள். 'பிசிக்கல் ரிவியூ' ஆய்விதழ்கள் தங்கள் எழுத்து முறையிலேயே, சாய்கோட்டு வகுத்தலுக்கு முன்பாகப் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தன.

கால்குலேட்டர்களும் இதே மாதிரி பிரிந்து கிடக்கின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 மாடல், ஒட்டி எழுதிய பெருக்கலை முதலில் செய்யும். அதே நிறுவனம் அடுத்து விட்ட டிஐ-83 இடமிருந்து வலமாகப் போகும். ஒரே கம்பெனி, அடுத்தடுத்த மாடல், இரண்டு விடை! நம் கல்லூரிப் பிள்ளைகள் கையில் இருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் இன்னும் சாமர்த்தியமானது. இந்தக் கணக்கைக் கொடுத்தால், தானாகவே ஓர் அடைப்புக்குறியைச் சேர்த்து 8 ÷ (2(2+2)) என்று ஆக்கிக்கொண்டு 1 என்று சொல்லும். கூகுள் தேடலில் இதையே போட்டால், அதுவும் தானாக ஓர் அடைப்புக்குறி சேர்க்கும். ஆனால் 8 ÷ 2 என்பதைச் சுற்றி! விடை 16. இரண்டுமே 'நீ சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்' என்று காட்டிவிடுகின்றன. மனிதர்கள் அந்த அளவுக்குக்கூடச் செய்வதில்லை.

பிறவியிலேயே சந்தேகக் கேஸ்

÷ குறிக்குக் கணிதத்தில் நுழைவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் இருந்த கிரேக்க அறிஞர்கள், ஹோமரின் காவியங்களைப் பிழை நீக்கித் தொகுத்தார்கள். 'இந்த வரி ஹோமர் எழுதியதுதானா?' என்று சந்தேகம் வந்தால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பெயர் 'ஒபெலோஸ்'. இறைச்சி வாட்டும் கம்பி என்று அர்த்தம். காலப்போக்கில் சில சுவடிகளில் அந்தக் கம்பிக்கு மேலும் கீழும் புள்ளிகள் சேர்ந்தன. ஆக, சந்தேகத்தைக் காட்டத்தான் இந்தக் குறி முதலில் பிறந்தது. இன்றைக்கும் அந்த வேலையைத்தான் பார்க்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அச்சுப் புத்தகங்கள் வந்த பிறகு, ஜெர்மனியில் சிலர் இதைக் கழித்தலுக்குப் பயன்படுத்தினார்கள். வகுத்தலுக்கு இதை அச்சில் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் ரான். 1659-ல் சூரிக் நகரில் ஜெர்மன் மொழியில் வெளியான அவருடைய இயற்கணித நூலில் ÷ வகுத்தலாக வந்தது. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட்டதும் அதே நூலில்தான்.

ஜெர்மன் பேசும் நாடுகளில் அவர் குறி எடுபடவில்லை. ஆனால் 1668-ல் அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததும் இங்கிலாந்துக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மானியர்களோ லைப்னிட்ஸ் 1684-ல் பயன்படுத்திய முக்காற்புள்ளியின் பக்கம் போய்விட்டார்கள். இன்றைக்கும் ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் 8 : 2 = 4 என்றுதான் எழுதுவார்கள். நமக்கு அது விகிதம். நாம் ஆங்கிலேயர் வழியில் ÷ படித்தவர்கள்.

டென்மார்க்கிலும் நார்வேயிலும் பழைய கழித்தல் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு கடையில் '÷ 20%' என்று எழுதியிருந்தால், இருபது சதவிகிதத்தால் வகுக்கச் சொல்லவில்லை. 20 சதவிகிதம் தள்ளுபடி! இத்தாலியில் பொறியாளர்கள் 5÷10 என்று எழுதினால் 'ஐந்து முதல் பத்து வரை' என்று அர்த்தம்.

ஒரே குறிக்கு இத்தனை அர்த்தம் இருந்தால் என்ன செய்வது? அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமான கணிதக் குறிகளை வரையறுக்கும் சர்வதேசத் தர நிர்ணயம், ஐ.எஸ்.ஓ. 80000-2, வகுத்தலுக்கு ÷ பயன்படுத்தக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பள்ளிக் கணிதத்தைச் சீரமைக்க அமைக்கப்பட்ட ஒரு தேசியக் குழு, 1923-லேயே இதை விட்டுவிட்டுப் பின்னமாக எழுதலாம் என்று பரிந்துரைத்தது. யார் கேட்டார்கள்? நூறு வருஷம் கழித்தும் ஒவ்வொரு போனின் கால்குலேட்டரிலும் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

பின்னமாக எழுதச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பின்னத்தின் நடுக்கோடு வெறும் கோடல்ல, அது ஓர் அடைப்புக்குறியும்கூட. கோட்டுக்குக் கீழே எது இருக்கிறதோ அது முழுக்கவும் வகுக்கும் எண். 8-ஐ மேலே போட்டு 2(2+2)-ஐக் கீழே போட்டால் 1. எட்டின் கீழ் 2-ஐ மட்டும் போட்டு, (2+2)-ஐப் பக்கத்தில் வைத்தால் 16. பெரியப்பாவுக்கும் மகளுக்கும் சண்டைபோட ஒன்றும் மிச்சமிருக்காது. எண்ணின் கீழ் எண் எழுதிப் பின்னத்தைக் காட்டும் முறை பழைய இந்தியக் கணித நூல்களில் இருந்தது, கோடு மட்டும் இல்லாமல். அரபு உலகில் 12-ம் நூற்றாண்டில்தான் நடுவே கோடு வந்தது.

'ஐ'யும் 'ஆல்'உம்

÷ குறியின் குறை என்ன என்று தமிழில் யோசித்தால் பட்டென்று பிடிபடும். 'எட்டை இரண்டால் வகு' என்கிறோம். 'ஐ' எங்கே ஒட்டுகிறதோ அது வகுபடும் எண். 'ஆல்' எங்கே ஒட்டுகிறதோ அது வகுக்கும் எண். 'இரண்டால் எட்டை வகு' என்று மாற்றிச் சொன்னாலும் அர்த்தம் மாறாது. வேற்றுமை உருபு காவல் நிற்கிறது. ÷ குறிக்கு அந்தக் காவல் இல்லை. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது என்ற இடம் மட்டும்தான் அதற்குத் தெரியும். பின்னால் எதுவரை என்பதை அது சொல்வதே இல்லை.

ஆகவே குழப்பம் வந்தால் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். 'எட்டை இரண்டால் வகுத்து, வந்ததை நாலால் பெருக்கு' என்றால் 16. 'எட்டை, இரண்டு நாலால் வகு' என்றால் 1. இரண்டில் எது வேண்டும் என்று கேள்வி போட்டவர்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்று இறங்கினால் கவனம் தேவை. நம் ஊரில் 'டூ இன்ட்டு எய்ட்' என்றால் பெருக்கல், விடை 16. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளை அதையே 'எட்டில் இரண்டு எத்தனை முறை போகும்' என்று வகுத்தலாக எடுத்துக்கொண்டு 4 என்று சொல்லும். ஹோட்டலில் 'ஒரு சூப், ஒன் பை டூ' என்று சொல்லும்போது மட்டும் எவருக்கும் குழப்பம் வருவதில்லை. சர்வர் இரண்டு கிண்ணத்தோடு வந்துவிடுகிறார்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது இன்னொன்றையும் பிரித்துக் காட்டினால் நல்லது. 12 ÷ 3 என்பதற்கு இரண்டு கதை உண்டு. 12 லட்டை 3 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4. இது பங்கு போடும் கதை. 12 லட்டை, டப்பாவுக்கு 3 வீதம் அடுக்கினால் 4 டப்பா. இது எத்தனை முறை என்று எண்ணும் கதை. இரண்டிலும் விடை 4 என்பதால் வித்தியாசம் தெரிவதே இல்லை. பெரும்பாலான வீடுகளில் முதல் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அதன் பலனை ஆறாம், ஏழாம் வகுப்பில் பார்க்கலாம். 6 ÷ ½ என்று வந்ததும் பிள்ளை திணறும். வகுத்தால் குறையத்தானே வேண்டும்? விடை 12 என்று எப்படிக் கூடும்? அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? 'பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதியை உருப்போட்டு மார்க் வாங்கிவிடும். புரிந்திருக்காது. இரண்டாவது கதையைச் சொல்லிப் பாருங்கள். ஆறு லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் பாக்கெட்டில் அடைத்தால் எத்தனை பாக்கெட்? பால் பாக்கெட் வாங்கப் போகும் எந்தப் பிள்ளையும் 'பன்னிரண்டு' என்று யோசிக்காமல் சொல்லும்.

பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்ற கேள்விக்கும் அதே பாக்கெட் போதும். பாக்கெட்டுக்குப் பூஜ்ஜியம் லிட்டர் வீதம் அடைத்துக்கொண்டே போனால், ஆறு லிட்டர் எப்போது தீரும்? ஆயிரம் பாக்கெட் போட்டாலும் அண்டாவில் பால் அப்படியே இருக்கும்.

கரன்ட் பில்லும் மருந்துச் சீட்டும்

வாட்ஸ்அப் கணக்கில் தோற்றால் மானம்தான் போகும். வேறு சில இடங்களில் கூடுதலாகப் போகும்.

நண்பர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அறை, அறைக்கு இருவர். கரன்ட் பில் 4,800 ரூபாய். 'மூன்று அறை, இன்ட்டு இரண்டு பேர்' என்று நினைத்துக்கொண்டே ஒருவர் போனில் 4800 ÷ 3 × 2 என்று தட்டினால், 3,200 என்று வரும். ஒரு ஆளுக்கு! இவ்வளவு பெரிய தொகை என்றால் சட்டென்று சந்தேகம் வந்துவிடும். அதுவே இருபது வரிசை உள்ள எக்செல் ஷீட்டின் நடுவில் ஒளிந்திருந்தால் கண்ணில் படாது. 4800 ÷ (3 × 2) என்று அடைப்புக்குறி போட வேண்டும். போனில் அடைப்புக்குறி கிடைக்காவிட்டால் 4800 ÷ 3 ÷ 2 என்று இரண்டு முறை வகுத்தாலும் போதும். இரண்டு வழியிலும் 800.

எக்செல் போன்றவற்றில் ÷ கிடையாது. அதன் இடத்தில் சாய்கோடு (/) இருக்கிறது. உருவம் மாறினாலும் குணம் மாறவில்லை. அந்தச் சாய்கோடு மருந்துச் சீட்டுக்குள் வரும்போதுதான் விஷயம் தீவிரமாகிறது. மருத்துவத்தில் நேரும் மருந்துப் பிழைகளைக் கவனித்துவரும் அமெரிக்காவின் ஐ.எஸ்.எம்.பி. நிறுவனம், தவறுக்கு வழிவகுக்கும் குறிகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. சாய்கோடும் அதில் உண்டு. '25 யூனிட்/10 யூனிட்' என்று எழுதினால், சாய்கோடு 1 என்ற எண்ணாகத் தெரிந்து, பத்து யூனிட் 110 யூனிட்டாகப் படிக்கப்படலாம். கோட்டுக்குப் பதிலாகச் சொல்லால் எழுதுங்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் தீர்வு.

குழந்தைகளுக்கான மருந்து எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 'மி.கி./கி.கி./நாள்' என்று இரண்டு சாய்கோட்டோடு எழுதியிருப்பார்கள். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்கு, இத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம். கணக்குக்காக மட்டும் ஓர் உதாரணம்: 30 மி.கி./கி.கி./நாள் என்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாள் முழுக்கச் சேர்த்து 300 மில்லிகிராம். மூன்று வேளை கொடுத்தால் வேளைக்கு 100. கடைசியில் இருக்கும் 'நாள்' கண்ணில் படாமல், வேளைக்கு என்று எடுத்துக்கொண்டால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 900. மூன்று மடங்கு.

இந்தக் கணக்கைப் போடுவது டாக்டரின் வேலை, பெற்றோருடையது அல்ல. சிரப்பைக் கையில் வாங்கும்போது அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இந்த அளவு ஒரு வேளைக்கா டாக்டர், ஒரு நாளைக்கா?'